வழிச்செலவுக்கு ஒரு தொழில்

ஸ்கூபா பயிற்றுநர் வேலை, உலகம் சுற்ற ஆசைப்படும் இளைஞர்கள் வழிச்செலவுக்காகத் தேடிப்போகும் தொழில்களில் ஒன்று. தாய்லாந்தின் கோ தாவ் தீவு, ஹோண்டுராஸின் உத்திலா, எகிப்தின் தஹாப், இந்தோனேசியாவின் கிலித் தீவுகள், மாலத்தீவு, ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் என்று வெதுவெதுப்பான கடலும் சுற்றுலாக் கூட்டமும் சேரும் இடங்களிலெல்லாம் இவர்களுக்கு வேலை உண்டு. ஒரு பருவம் கற்றுக்கொடுத்துச் சேர்த்த பணத்தில் சில மாதம் ஊர் சுற்றுவது, பணம் கரைந்ததும் அடுத்த கடலோரத்தில் வேலைக்குச் சேர்வது என்று வாழ்க்கை நகர்கிறது. பொருள் தேடக் கடல் கடப்பது உலகம் முழுவதும் பழகிய ஒன்று. இங்கே கடல் கடப்பதற்காகவே பொருள் தேடப்படுகிறது. பயணம் நோக்கம், தொழில் அதற்கான வழி. அந்தத் தொழிலோ, முன்பின் தெரியாத ஒருவரை மூச்சுவிட முடியாத இடத்துக்குக் கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவருவது. இன்னொருவர் உயிரைக் கையில் வைத்துக்கொண்டு செய்யும் வேலையை, வேறொன்றுக்கான வெறும் வழியாக நடத்துவது முறையா என்ற கேள்வி இங்கே எழுகிறது. அறவியலுக்கு இது புதிய கேள்வி இல்லை. சமயங்களும் இதைப் பல விதமாகக் கேட்டிருக்கின்றன.

தொழிலின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் கேள்வியின் கூர்மை புரியும். முக்குளிப்பவர் மூச்சிழுக்கும்போது மட்டும், அவர் இருக்கும் ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில் காற்றைத் தரும் கருவியை 1943-இல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமில் கானியானும் உருவாக்கினார்கள். அதுவரை கடலடி என்பது கடற்படையினருக்கும், முத்தும் சங்கும் கடற்பஞ்சும் எடுத்துப் பிழைத்தவர்களுக்கும் பெரும்பாலும் உரியதாக இருந்தது. 1966-இல் அமெரிக்காவில் ஜான் குரோனினும் ரால்ஃப் எரிக்சனும் ‘பாடி’ என்ற பயிற்சி அமைப்பைத் தொடங்கினார்கள். பயிற்சி சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டது, ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை வழங்கப்பட்டது, அந்த அட்டை எந்த நாட்டிலும் செல்லுபடியாகும் என்று ஆனது. கடலடி பொதுமக்களுக்குப் பரவலாகத் திறந்தது இப்படித்தான். ஓபன் வாட்டர், அட்வான்ஸ்டு, ரெஸ்க்யூ, டைவ்மாஸ்டர் என்று ஏறி, 60 முறை முக்குளித்த கணக்கு இருந்தால் பயிற்றுநர் வகுப்பில் சேரலாம். 100 முறை முடித்து, முதல் சான்றிதழ் வாங்கி ஆறு மாதமும் ஆகியிருந்தால் தேர்வு எழுதலாம். ஆகவே கடலையே பார்த்திராத ஒருவர் அரையாண்டு கழித்து இன்னொருவருக்குக் கடலைக் கற்பிக்க விதி இடம் தருகிறது. மருத்துவருக்கும் விமானிக்கும் ஆகும் காலத்தோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. உலகம் சுற்ற நினைப்பவரை இந்தத் தொழில் ஈர்ப்பதற்கு முதல் காரணமும் இதுதான்.

கோ தாவ் ஏறத்தாழ 21 சதுர கிலோமீட்டர் மட்டுமே பரப்புள்ள தீவு. 1940-களில் தாய்லாந்து அரசு அரசியல் கைதிகளை அடைத்துவைத்த இடம் அது. இன்று உலகிலேயே அதிகம் பேர் முக்குளிப்புச் சான்றிதழ் பெறும் இடங்களில் ஒன்றாக இருக்கிறது. படகுத்துறையில் இறங்கிச் சில அடி நடப்பதற்குள் பயிற்சி நிலையங்களின் பலகைகள் வரிசையாக வந்துவிடும். போட்டி கடுமை, கட்டணம் மலிவு. பயிற்றுநருக்குப் பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது, தலைக்கு இவ்வளவு என்பதே கணக்கு. எத்தனை பேரைக் கரை சேர்க்கிறாரோ அத்தனை பேருக்கான காசு. அடுத்த பயணம் இந்தக் கணக்கிலிருந்துதான் வர வேண்டும்.

அந்தக் காசு எப்படிப்பட்ட உழைப்புக்குக் கிடைக்கிறது என்பதை ஒரேயொரு பயிற்சியில் பார்த்துவிடலாம். முதல் நாள் மாணவர் ஆழமில்லாத நீரில், மணலில் முழங்காலிட்டிருக்கிறார். முகமூடியின் மேல்விளிம்பைச் சற்று விலக்கி அவரே தண்ணீரை உள்ளே விட வேண்டும். உப்புநீர் கண்ணில் எரியும், மூக்கில் ஏறும். வாயில் ரெகுலேட்டர் இருக்கிறது, காற்று தடையில்லாமல் வருகிறது. ஆனாலும் மூக்கில் தண்ணீர் பட்டதும் உடம்பு அதை நம்ப மறுக்கிறது. தலையை நிமிர்த்தி, மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்திப் பிடித்து, மூக்கால் ஊதினால் தண்ணீர் கீழ்ப்பக்கமாக வெளியேறிவிடும். சில விநாடி வேலைதான். அந்தச் சில விநாடிகளில் ஒருவர் பதறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்ந்துவிடலாம். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தைப்போல் இரு மடங்கு. அங்கே நுரையீரலை நிறைத்த காற்று மேலே வருவதற்குள் இரு மடங்காக விரியும். வெளியேற வழி விடாவிட்டால் நுரையீரல் கிழியும். இதற்குப் பெரிய ஆழம் வேண்டியதில்லை, ஒரு மீட்டர் சொச்சமே போதும். அதனால் தேர்ந்த பயிற்றுநர் மாணவரின் விழியையும் குமிழிகளையும் விட்டுப் பார்வையை எடுப்பதில்லை. விழி அகலுவது ஓர் அறிகுறி. குமிழி நின்றுபோவது அதைவிடப் பெரிய அறிகுறி, ஆள் மூச்சைப் பிடித்துவிட்டார் என்று பொருள். பயிற்றுநரின் கை அதற்கு முன்பே மாணவரின் மிதவைச் சட்டைப் பட்டையைப் பற்றியிருக்க வேண்டும். திறந்த கடலில் ஒரு பயிற்றுநருக்கு எட்டு மாணவர் வரை விதி அனுமதிக்கிறது. சான்றிதழ் இல்லாமல் ஒரு முறை இறங்கிப் பார்க்க வருபவர்கள் என்றால் நான்கு பேர். எட்டு ஜோடிக் கண்களை ஒருவர் கவனிப்பது என்றால் என்ன என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் இந்தப் பொறுப்பை வேறு விதமாக ஏற்பாடு செய்திருந்தார்கள். குளிப்பவர் கல்லோடு இறங்குவார், மேலே தோணியில் ஒருவர் கயிறு பிடித்திருப்பார். கீழிருந்து சுண்டியதும் இழுத்துவிட வேண்டும். அந்தக் கயிறை மச்சானிடம்தான் கொடுக்க வேண்டும் என்பது கடற்கரையில் இன்றும் சொல்லப்படும் வழக்கம். கை தவறினால் அறுவது தன் சகோதரியின் தாலி என்பதால், அந்தக் கை தவறாது என்று கணக்குப் போட்டார்கள். மனித மனத்தை நன்றாக அறிந்தவர்கள் கண்ட ஏற்பாடு இது. நல்லெண்ணத்தை மட்டும் நம்பாமல், கயிறு பிடிப்பவரின் வாழ்க்கையையும் குளிப்பவரின் மூச்சையும் ஒன்றாக முடிந்துவைத்தார்கள். கோ தாவ் பயிற்றுநருக்கும் மாணவருக்கும் அப்படி ஒரு முடிச்சும் இல்லை. நேற்றுச் சந்தித்தார்கள், நான்கு நாளில் பிரிவார்கள். பயிற்றுநர் அடுத்த மாதம் வேறு கண்டத்தில் இருக்கலாம். உறவு காத்த இடத்தை இப்போது ஓர் அட்டையும், விதிப்புத்தகமும், பயிற்றுநரின் மனச்சாட்சியும் காக்கின்றன. முதல் இரண்டும் எந்த அளவுக்குத் துணை நிற்கும் என்பது மூன்றாவதைப் பொறுத்தது.

தொழிலை வழியாகவும் வேறொன்றை இலக்காகவும் கொள்வதைப் பற்றி மிகத் தெளிவாகப் பேசியவர்களில் ஒருவர் புனித அகஸ்டின். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எழுதத் தொடங்கிய ‘கிறிஸ்தவப் போதனை’ நூலில், பயன்படுத்த வேண்டியவை என்றும், தன்னளவில் நேசித்து அனுபவிக்க வேண்டியவை என்றும் அவர் பொருள்களை இரண்டாகப் பிரிக்கிறார். அவர் தரும் உதாரணம் ஒரு பயணம். சொந்த ஊர் திரும்ப விரும்புகிறவர்களுக்கு வண்டியும் கப்பலும் வேண்டும். வழியின் அழகிலும் வண்டி ஓடும் சுகத்திலும் மயங்கிவிட்டால் ஊர் போய்ச் சேர மாட்டார்கள். பயன்படுத்த வேண்டியதை அனுபவிக்கத் தொடங்குவதே தவறு என்பது அவர் முடிவு. உலகம் சுற்றும் பயிற்றுநரை இந்த அளவுகோலால் அளந்தால் ஒரு சிக்கல் வருகிறது. அவருக்குப் பயணமே ஊர். அவர் வெறுமனே பயன்படுத்த நினைப்பது தொழிலை. ஆனால் அந்தத் தொழிலின் நடுவில் ஒரு மனிதர் இருக்கிறார். பிறரை எப்படி நேசிப்பது என்ற இடத்தில் அகஸ்டினே நின்று தயங்குகிறார். மனிதரைப் பயன்படுத்துவதா, அனுபவிப்பதா, இரண்டுமா என்று அவர் கேட்டு, கடவுளை முன்னிட்டு நேசிக்க வேண்டும் என்று விடை காண்கிறார். வண்டிக்கும் மனிதருக்கும் ஒரே கணக்குப் போட முடியாது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

வேறொரு நோக்கத்துக்காகக் கைத்தொழில் செய்தவர்கள் வரலாற்றில் பலர். அப்போஸ்தலர் பவுல் கூடாரம் செய்யும் தொழில் தெரிந்தவர். கொரிந்து நகரில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியோடு தங்கி அந்த வேலையைச் செய்தார். தாம் போகும் ஊராருக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்பதற்காக உழைத்ததாகத் தம் நிருபங்களில் அவரே எழுதுகிறார். அவருடைய நீண்ட பயணங்களுக்குத் தோல் வேலையும் தையலும் துணை நின்றன. 17-ஆம் நூற்றாண்டில் ஸ்பினோசா கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துப் பிழைத்தார். 1673-இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி தேடி வந்தபோதும், சிந்திக்கும் சுதந்திரம் குறையும் என்று மறுத்துவிட்டார். இவர்கள் செய்ததில் யாரும் குறை காண மாட்டார்கள். பவுலின் மனம் தையலின்போது பிரசங்கத்தில் இருந்திருக்கலாம். தையல் கோணினால் பிரித்துத் தைக்கலாம். வில்லை சரியாக அமையாவிட்டால் இன்னொன்று தேய்க்கலாம். கையில் இருப்பது பொருளாக இருக்கும்வரை மனம் ஓரளவு வேறிடத்தில் இருக்க முடியும், பிழையின் விலையும் பொருளோடு முடிந்துவிடும். முக்குளிப்புப் பயிற்சியில் பிரித்துத் தைக்க இடமில்லை. வழிச்செலவுக்கு உழைப்பது என்ற ஒரே பெயரின் கீழ் இரண்டையும் வைப்பது சரியாகாது என்று சொல்வதற்கு இந்த வேறுபாடு போதும்.

1785-இல் வெளிவந்த தம் அறநூலில் இமானுவேல் கான்ட், மனிதரை ஒருபோதும் வெறும் கருவியாக மட்டும் நடத்தக் கூடாது என்று வாதிட்டார். இதில் ‘மட்டும்’ என்பதை விட்டுவிட்டுப் படிப்பவர்கள் பலர். காசு கொடுத்துக் கற்பதும் காசு வாங்கிக் கற்பிப்பதும் கான்டுக்குக் குற்றமில்லை. மாணவருக்கும் பயிற்றுநர் ஒரு வழிதான். இருவரும் அறிந்து ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. மாணவருக்கு இன்னும் பயம் தெளியவில்லை என்று தெரிந்தும், படகு நேரத்துக்குப் புறப்பட வேண்டும் என்பதற்காக அடுத்த படிக்குத் தள்ளும்போது எல்லை மீறப்படுகிறது. அந்த நொடியில் மாணவர் ஆள் என்ற நிலை இழந்து ஒரு தொகையாக ஆகிவிடுகிறார். தலைக்கு இவ்வளவு என்ற சம்பள முறை இந்த ஆசையை நாள்தோறும் தூண்டுகிறது. தவறு தனி மனிதரோடு நிற்பதில்லை, கூலியை அப்படி வகுத்த நிலையங்களுக்கும் அதில் பங்குண்டு.

கீதையின் கர்மயோகம் இந்த இடத்தில் கான்டைவிட ஒரு படி உள்ளே போகிறது. செயலில் உரிமை உண்டு, பலனில் இல்லை என்ற போதனையைப் பலன் வேண்டாம் என்ற துறவாக மட்டும் எடுத்துக்கொள்வது வழக்கம். வேலை செய்பவரின் கோணத்தில் அது கவனத்தைப் பற்றிய போதனையும் ஆகும். பலனில் ஊன்றிய மனம் செயலில் முழுமையாக இருக்க முடியாது. ஆறு மீட்டர் ஆழத்தில் மாணவரின் குமிழியைப் பார்க்க வேண்டியவர் மனத்தில் அடுத்த மாதத்துப் பெரு நாட்டு விமானச்சீட்டை எண்ணிக்கொண்டிருந்தால், குமிழி நின்றது கண்ணில் படாமல் போகும். இந்தத் தொழிலுக்கு வந்த காரணம் பயணமாக இருப்பதில் பிழையில்லை. எத்தனையோ ஆசிரியர்களும் செவிலியர்களும் வீட்டுக்கடன் அடைக்கத்தான் வேலைக்குப் போகிறார்கள். ஆனால் நீருக்குள் இருக்கும் அந்த நாற்பது ஐம்பது நிமிடமும் காரணத்தைக் கரையில் விட்டுவிட்டு இறங்க வேண்டும். இதைச் செய்ய முடிகிறவருக்கு முதலில் கேட்ட கேள்வி தீர்ந்துவிடுகிறது. தொழில் அவருக்குப் பயணத்தின் வழியாகவே இருக்கலாம், அதைச் செய்யும் பொழுதில் அதுவே இலக்கு. செய்ய முடியாதவர் எத்தனை அட்டை வைத்திருந்தாலும் இந்த வேலைக்கு ஆகாதவர்.

கையில் மனிதர் மட்டும் இல்லை, கடலும் இருக்கிறது. ஊர் ஊராக அலைபவர்கள் தங்கும் இடத்துக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்பதைப் பழங்காலத்திலேயே யோசித்தவர்கள் துறவிகள். பௌத்த விநய நூலான மகாவக்கம், துறவிகள் மழைக்காலத்திலும் திரிந்து பசும்புல்லை மிதித்துச் சிற்றுயிர்களைக் கொல்கிறார்கள் என்று மக்கள் குறைப்பட்டதையும், அதைக் கேட்டுப் புத்தர் மூன்று மாத மழைக்கால உறைவை விதித்ததையும் சொல்கிறது. சமணத் துறவிகளும் சாதுர்மாஸ்யம் எனும் நான்கு மாத மழைக்காலத்தில் ஓரிடத்திலேயே தங்குகிறார்கள். தாய்லாந்தில் மழைக்கால உறைவு இன்றும் நடக்கிறது. அதே நாட்டில் சிமிலான் தீவுகளின் தேசியப் பூங்கா ஆண்டுதோறும் மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடப்படுகிறது. பருவக்காற்றின் ஆபத்து ஒரு காரணம், கடலுக்கு ஓய்வு என்பது இன்னொன்று. அந்நாட்டின் மாயா விரிகுடாவைச் சுற்றுலாக் கூட்டம் சிதைத்ததால் 2018 ஜூனில் மூடி, 2022 ஜனவரியில்தான் மறுபடி திறந்தார்கள். புதிதாகக் கற்பவர் நீரில் சமநிலையில் மிதக்கத் தெரியாமல் மூழ்கி, கால் துடுப்பால் பவளத்தை உதைப்பது தினமும் நடப்பது. பாறைபோல் திரளும் பவளங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கின்றன. ஒரே உதையில் உடைவது பல ஆண்டுகளின் வளர்ச்சியாக இருக்கலாம். அடுத்த பருவத்தில் வேறு கடலுக்குப் போய்விடுபவர் அந்த உடைவைப் பார்க்கப் போவதில்லை. பார்க்காததற்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதுதான் விநயம் கற்பிப்பது.

நல்வாழ்க்கைத் தொழில் என்பது பௌத்தத்தின் எண்வகைப் பாதையில் ஓர் அங்கம். ஆயுதம், உயிர்கள், இறைச்சி, போதைப் பொருள், நஞ்சு ஆகிய ஐந்தை விற்பதை இல்லறத்தார் தவிர்க்க வேண்டும் என்று அங்குத்தர நிகாயம் கூறுகிறது. இந்தப் பட்டியலில் முக்குளிப்புக்கு இடமில்லை. ஆனால் பட்டியலின் பின்னால் உள்ள கேள்வி, ஒருவர் பிழைப்பின் சுமை யார் தலையில் இறங்குகிறது என்பது. கோ தாவ் தீவில் கட்டட வேலை, விடுதி வேலை, கூலி வேலை எல்லாவற்றிலும் மியான்மரிலிருந்து வந்தவர்கள் ஏராளம். பயிற்றுநரும் அவர்களும் ஒரே தீவில்தான் உழைக்கிறார்கள். ஒருவருக்கு அது உலகம் சுற்றும் வழியில் ஒரு நிறுத்தம், மற்றவருக்கு வீட்டுக்குப் பணம் அனுப்பும் ஒரே வழி. இந்த வித்தியாசத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது திறமையோ உழைப்போ கிடையாது, பிறந்த நாட்டின் கடவுச்சீட்டு. அலைந்து திரியும் வாழ்க்கையைத் துணிவின் பரிசாகப் புகழும்போது இந்த உண்மை மறைந்துபோகிறது. மறைக்கக் கூடாத உண்மை அது.

இந்தத் தொழிலின் மிகக் கடினமான நற்குணம் மறுப்பது. தஹாபுக்கு வடக்கே உள்ள ‘நீலக்குழி’யில், பவளச் சுவருக்கு அடியில் ஏறத்தாழ 55 மீட்டர் ஆழத்தில் ஒரு வளைவு வழியாகத் திறந்த கடலுக்குப் போகலாம். பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லை 40 மீட்டர். அந்த வளைவைத் தேடிப் போய்த் திரும்பாதவர்களின் பெயர் பொறித்த கற்கள் கரைப்பாறையில் பதிக்கப்பட்டிருக்கின்றன. பணத்தோடு வந்து கூட்டிப் போகச் சொல்பவரிடம் முடியாது என்று சொன்னால் அன்றைய வருமானம் போகும், பக்கத்து நிலையம் வாடிக்கையாளரை எடுத்துக்கொள்ளவும் கூடும். நீருக்கடிக் குகைகளில் நீந்துபவர்களிடம் ஒரு விதி உண்டு: யாரும், எப்போது வேண்டுமானாலும், எந்தக் காரணத்துக்காகவும் முக்குளிப்பை நிறுத்திவிடலாம், காரணம் கேட்கப்பட மாட்டாது. கூலிக்குக் கற்பிக்கும் இடத்தில் இந்த விதிக்கு விலை இருக்கிறது, அந்த விலையைப் பயிற்றுநர் தம் பயணக் காசிலிருந்துதான் கொடுக்க வேண்டும். நோக்கத்துக்கும் கடமைக்கும் இடையே யார் எங்கே நிற்கிறார் என்பது இந்தச் சமயத்தில் ஐயத்துக்கிடமின்றித் தெரிந்துவிடும்.

பயணம் மனத்தை மாற்றாது, போகிற இடத்துக்கெல்லாம் மனிதர் தம்மையே சுமந்துகொண்டு போகிறார் என்று செனெகா தம் நண்பர் லூசிலியஸுக்கு எழுதினார். ஊர் சுற்றுவது வீண் என்று அதைக் கொண்டு முடிவு கட்ட வேண்டியதில்லை. பொறுப்பைக் கைவிட ஒரு வழியாகப் பயணத்தைக் கருதுகிறவருக்கு மட்டும் அது சரியாகப் பொருந்தும். இந்தத் தொழிலிலோ அப்படி அவசரமாகக் கிளம்பிப் போக உடம்பே இடம் தராது. ஆழத்தில் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேறக் காலம் வேண்டும். அதனால் தொடர்ந்து பல முறை முக்குளித்தவர் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது நடைமுறையில் உள்ள பரிந்துரை.

கற்கப் போகிறவருக்கும் இதில் பங்கு உண்டு. மிக மலிவான கட்டணத்தைத் தேடுகிறவர், தம்மோடு சேர்த்து எட்டுப் பேரைக் கவனிக்க வேண்டிய களைத்த ஒருவரைத்தான் பெரும்பாலும் அடைகிறார். குழுவில் எத்தனை பேர், பயிற்றுநர் எத்தனை ஆண்டாகக் கற்பிக்கிறார், பயமாக இருந்தால் கூடுதலாக ஒரு நாள் தருவார்களா, தயாராகவில்லை என்றால் சான்றிதழ் மறுப்பார்களா என்று முதலில் கேளுங்கள். விலையைப் பிறகு கேட்கலாம்.